மூன்று மாதம் என்றால் எத்தனை மாதம்?

கடந்த மாரியில் ஒரு பின்னேரம். கல்லடியில் அக்காவின் வீட்டு விறாந்தையில் மருமகன் மடிக்கணினியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் காலம். மழை விட்டபாடில்லை. வெளியில் போகவும் முடியாது.

அவன் விளையாடியது 'வெஸ்னோத்' என்ற வியூக விளையாட்டு. 2003இல் வெளிவரத் தொடங்கியது. காசில்லாமல் கிடைக்கும், பழைய கணினியிலும் ஓடும், இணையமும் தேவையில்லை. அதனால் நான் நடத்தும் சின்னக் கணினி வகுப்பிலும் பிள்ளைகள் அதைத்தான் விளையாடுகிறார்கள். அறுகோணக் கட்டங்களில் காய்களை நகர்த்த வேண்டும். நம்முடைய சுற்று முடிந்தால் எதிரியின் சுற்று.

"மாமா, இது சரியான அநியாயம். அவனுக்கு ரெண்டு தரம் நஞ்சு குத்தினன். ஒரு தரம் குத்தினா எவ்வளவு குறையுமோ அவ்வளவுதான் குறையுது" என்றான்.

பிழை விளையாட்டில் இல்லை, அந்த விளையாட்டின் விதியே அப்படித்தான் என்று சொன்னேன். ஒரு விளைவின் மேல் இன்னொரு விளைவு விழும்போது காலம் எப்படிக் கூடுகிறது என்பதற்குப் பல விதிகள் இருப்பதாகச் சொல்லி, கடதாசியில் கோடு போட்டு விளங்கப்படுத்தினேன். பக்கத்தில் கதிரையில் பாக்குச் சீவிக்கொண்டிருந்த அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"அப்ப அண்ணனுக்குத் தந்தானுகளே, மூணு மாசம், மறுகா மூணு மாசம் எண்டு. அது இதுல எந்த வகை மனே?"

மருமகனுக்கு விளங்கவில்லை. அவன் அப்போது பிறந்து சில மாதங்கள்தான். எனக்கு விளங்கியது. ஆனால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கட்டுரையில் மருமகனின் கேள்விக்கும் அம்மாவின் கேள்விக்கும் சேர்த்துப் பதில் எழுதப் பார்க்கிறேன். சிறையையும் விளையாட்டையும் ஒரே பக்கத்தில் வைப்பது சிலருக்கு மனவருத்தமாக இருக்கலாம். எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. ஆனால் கேள்வியைக் கேட்டவர் அம்மா.

விளைவு என்றால் என்ன?

வியூக விளையாட்டில் ஒரு காயை அடித்தால் அதன் உயிர்ப்புள்ளி குறையும். அது அந்தக் கணத்தோடு முடிந்துவிடும். ஆனால் சில அடிகள் அப்படி முடிவதில்லை. நஞ்சு ஏறும், வேகம் குறையும், காய் செயலற்றுப்போகும். இவை சில சுற்றுகளுக்குக் காயின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். விளையாடுபவர்கள் இதை 'ஸ்டேட்டஸ் எஃபெக்ட்' என்பார்கள். நான் இங்கே விளைவு என்று மட்டும் சொல்கிறேன். நல்ல விளைவுகளும் உண்டு. கோபமூட்டும் மந்திரம் போட்டால் சில விநாடிகளுக்கு நம் படை பலமாக அடிக்கும்.

ஒவ்வொரு விளைவுக்கும் இரண்டு பக்கம் இருக்கிறது. ஒன்று கடுமை, அதாவது ஒரு சுற்றுக்கு எவ்வளவு பாதிக்கிறது என்பது. மற்றது காலம், அதாவது எத்தனை சுற்றுக்குப் பாதிக்கிறது என்பது. ஒரே விளைவு இரண்டாம் தரம் விழும்போது இதில் எது கூடுகிறது என்பதுதான் கேள்வி.

ஒரே கணக்கு, வேறு வேறு விடை

ஒரு நஞ்சை எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு 8 உயிர்ப்புள்ளி குறைக்கும், 3 சுற்றுக்கு நிற்கும். ஒரு காய்க்கு 40 உயிர்ப்புள்ளி இருக்கிறது. முதலாம் சுற்றில் ஒரு தரம் நஞ்சு ஏறுகிறது. இரண்டாம் சுற்றில் இன்னொரு தரம் ஏறுகிறது. என்ன நடக்கும்?

முதல் விதி: கணக்கெடுக்காமல் விடுவது. ஏற்கெனவே நஞ்சு ஏறிய காய்க்கு இரண்டாவது நஞ்சு ஒன்றும் செய்யாது. 1, 2, 3 ஆகிய சுற்றுகளில் மொத்தம் 24 குறையும்.

இரண்டாவது விதி: புதுப்பிப்பது. இரண்டாவது நஞ்சு விழுந்ததும் எண்ணிக்கை மறுபடி 3 ஆகிவிடும். ஆக நஞ்சு நாலாம் சுற்று வரை நிற்கும். மொத்தம் 32.

மூன்றாவது விதி: நீட்டுவது. மிச்சமிருக்கும் காலத்தின் பின்னால் புதிய காலத்தைக் கொண்டுபோய் ஒட்டுவது. மூன்றும் மூன்றும் ஆறு. ஆறாம் சுற்று வரை நஞ்சு நிற்கும். மொத்தம் 48.

நாலாவது விதி: தனித்தனியாக ஓட விடுவது. முதல் நஞ்சுக்கு ஒரு மணிக்கூடு, இரண்டாவதற்கு இன்னொரு மணிக்கூடு. முதலாம் சுற்றில் 8, இரண்டாம் மூன்றாம் சுற்றுகளில் இரண்டு நஞ்சும் சேர்ந்து 16, நாலாம் சுற்றில் 8. மொத்தம் இதுவும் 48தான்.

மூன்றாவதிலும் நாலாவதிலும் மொத்தம் ஒன்றுதானே, அப்படியானால் என்ன வித்தியாசம் என்று மருமகன் கேட்டான். காயிடம் இருப்பது 40. நீட்டும் விதியில் 8, 16, 24, 32, 40 என்று போய் ஐந்தாம் சுற்றில்தான் காய் விழும். தனித்தனியாக ஓடும் விதியில் 8, 24, 40. மூன்றாம் சுற்றிலேயே விழுந்துவிடும். இடையில் இருக்கும் அந்த இரண்டு சுற்றுக்குள் மருத்துவக் காய் ஓடிவந்து சேரலாம். மொத்தத் துன்பம் ஒரே அளவாக இருந்தாலும், அது பரவி வருகிறதா, ஒரே நேரத்தில் குவிந்து வருகிறதா என்பதில் ஒரு உயிர் தங்கியிருக்கிறது.

வாவிக்கரையில் இருப்பவர்களுக்கு இதை விளக்க விளையாட்டே வேண்டாம். முகத்துவாரம் திறந்திருந்தால் இன்று பெய்த மழை கடலுக்குப் போய்விடும், நாளை பெய்வது தனிக் கணக்கு. முகத்துவாரத்தை மணல் மூடியிருந்தால் இன்றைய தண்ணீரின் மேல் நாளைய தண்ணீர் ஏறும். பெய்வது அதே மழைதான். பிறகு வெட்டிவிடச் சொல்லி ஆட்கள் ஓடுவார்கள்.

எந்த விளையாட்டில் எந்த விதி?

வெஸ்னோத் முதல் விதியைப் பின்பற்றுகிறது. அங்கே ஒரு காய் ஒன்றில் நஞ்சேறியது, இல்லாவிட்டால் நஞ்சேறாதது. இடையில் வேறு நிலை இல்லை. பத்துத் தரம் குத்தினாலும் ஒரு சுற்றுக்கு 8தான் குறையும். ஆகவே மருமகன் இரண்டாவது குத்தை வேறு காய்க்குக் குத்தியிருக்க வேண்டும். கைத்தொலைபேசியில் பலர் விளையாடும் 'கிளாஷ் ஒஃப் கிளான்ஸ்' விளையாட்டிலும் ஒரே இடத்தில் இரண்டு கோப மந்திரம் போட்டால் பலம் இரட்டிப்பாவதில்லை.

'ஸ்டார்கிராஃப்ட்' விளையாட்டில் வீரர்கள் ஊக்கமருந்து ஏற்றிக்கொள்வார்கள். இது இரண்டாவது விதி. மருந்தின் காலம் முடிய முன் மறுபடி ஏற்றினால் காலம் முதலிலிருந்து தொடங்கும், மிச்சக் காலம் சேராது. ஆனால் ஒவ்வொரு ஏற்றலுக்கும் 10 உயிர்ப்புள்ளி செலவாகும். அவசரப்பட்டு ஏற்றுபவருக்கு நட்டம்.

'சிவிலைசேஷன்' விளையாட்டின் ஐந்தாம் பதிப்பில் ஒரு பொற்காலம் நடக்கும்போதே இன்னொன்று கிடைத்தால் அதன் சுற்றுகள் பின்னால் சேரும். இது மூன்றாவது விதி.

'டோட்டா' விளையாட்டில் ஒரு வீரரை இரண்டு பேர் ஒரே நேரத்தில் செயலிழக்கச் செய்தால் இரண்டு மணிக்கூடும் பக்கத்தில் பக்கத்தில் ஓடும். எது பிந்தி முடிகிறதோ அதோடுதான் அவர் எழும்பலாம். இது நாலாவது விதிக்குச் சொந்தம். ஆனால் 'செயலற்றவர்' என்ற நிலைக்கு இரட்டிப்பு இல்லாததால் கடுமை கூடுவதில்லை. அனுபவமுள்ள அணியினர் ஒருவர் செய்தது முடியும் தறுவாயில்தான் அடுத்தவரைச் செய்ய விடுவார்கள். அப்போதுதான் ஒரு விநாடியும் வீண்போகாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

'ஸ்லே த ஸ்பயர்' என்ற சீட்டு வியூக விளையாட்டில் நஞ்சின் எண்தான் அதன் கடுமையும் காலமும். நஞ்சு 5 என்றால் 5, 4, 3, 2, 1 என்று மொத்தம் 15 குறைக்கும். ஒரே சுற்றில் இன்னொரு 5 ஏறினால் எண் 10 ஆகும். அப்போது 10இல் இருந்து 1 வரை கூட்டிப் பாருங்கள், 55 வரும். தனித்தனியாக என்றால் 30தான். சேர்ந்து வரும்போது ஒன்றும் ஒன்றும் இரண்டு என்ற கணக்கு அங்கே நிற்பதில்லை. 2004 கடைசியில் சுனாமி, 2007 மார்ச்சில் படுவான்கரை இடப்பெயர்வு என்று இரண்டையும் அடுத்தடுத்துக் கண்ட குடும்பங்களுக்கு இந்தக் கூட்டல் புதிதில்லை.

எண்ணிக்கை எப்போது குறைகிறது?

காலத்தை எழுதினால் மட்டும் போதாது, எந்தக் கணத்தில் ஒன்று குறைகிறது என்பதும் விதியில் இருக்க வேண்டும். வெஸ்னோத்தில் வேகத்தைக் குறைக்கும் விளைவு ஒன்று உண்டு. பாதிக்கப்பட்ட காய் ஒரு சுற்றை முடிக்கும் வரை அது நிற்கும். எதிரியின் சுற்றில் அது உங்களுக்கு விழுந்தால் உங்கள் அடுத்த சுற்று முழுவதையும் அதோடுதான் கழிக்க வேண்டும். நீங்கள் தாக்கப்போய் எதிரியின் பதிலடியில் விழுந்தால் உங்கள் சுற்று முடிவதோடு அது போய்விடும். விளைவு ஒன்று, சொல் ஒன்று, ஆனால் யாருடைய சுற்றில் விழுந்தது என்பதைப் பொறுத்து நீளம் வேறு. 'ஒரு சுற்று' என்று யாராவது சொன்னால் யாருடைய சுற்று என்று கேட்க வேண்டும்.

அம்மாவின் நாட்காட்டி

இனி அம்மாவின் கேள்வி.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு. கல்லடி வீடு அக்காவுக்கு. அண்ணா படுவான்கரையில் கலியாணம் செய்து, அண்ணியின் வீட்டோடு இருந்து வயல் செய்தார். 2007இல் சண்டை வந்தபோது அவர்களும் வாவியைக் கடந்து இந்தப் பக்கம் வந்தார்கள். அந்த ஓகஸ்டில் அண்ணாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். பிறகு தடுப்பு உத்தரவு என்று ஒரு கடதாசி காட்டினார்கள். அதில் மூன்று மாதம் என்று இருந்தது.

அம்மா அன்றைக்கே நாட்காட்டியில் மூன்று மாதம் எண்ணி, நவம்பரில் ஒரு நாளைச் சிவப்புப் பேனையால் வட்டமிட்டார். அந்த நாள் வந்தது. அண்ணா வரவில்லை. இன்னொரு மூன்று மாதம். அம்மா பெப்ரவரியில் வட்டமிட்டார். பிறகு மே, பிறகு ஓகஸ்ட். அப்படி ஆறு வட்டம்.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 9ஆம் பிரிவு இதற்கான விதியைச் சொல்கிறது. அமைச்சர் முதலில் மூன்று மாதத்துக்கு மேற்படாத காலத்துக்கு ஒருவரைத் தடுத்துவைக்க உத்தரவிடலாம். பிறகு ஒரு தடவைக்கு மூன்று மாதத்துக்கு மேற்படாமல் அதை நீடித்துக்கொண்டு போகலாம். எல்லாம் சேர்த்து 18 மாதத்துக்கு மேற்படக் கூடாது என்று அப்போது இருந்தது.

இது எந்த வகை? காலம் முடியும் நாளில் புதுப்பித்தாலும் நீட்டினாலும் மொத்தம் ஒன்றுதான் வரும். மூன்றும் மூன்றும் ஆறு. கணிதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. வேறுபாடு இருப்பது திரையில். நீட்டும் விதியில் காயின் தலைக்கு மேல் உண்மையான எண் தெரியும். 18 என்று போட்டிருந்தால் 18 என்று தெரிந்துகொண்டு திட்டம் போடலாம். புதுப்பிக்கும் விதியில் எப்போது பார்த்தாலும் 3 என்றுதான் தெரியும். குறைந்து 1 ஆகும், 0 ஆகும் என்று பார்த்திருக்கும்போது திரும்ப 3.

பதினெட்டு மாதம் என்று முதலே சொல்லியிருந்தால் அம்மா அழுதிருப்பார், பிறகு எழும்பி வேலையைப் பார்த்திருப்பார். அண்ணி வயலைக் குத்தகைக்குக் கொடுத்திருப்பார். மூன்று மாதம்தானே, அவர் வந்து விதைப்பார் என்று வைத்திருந்து இரண்டு போகம் தரிசாகப் போனது. ஆறு தடவை நம்பி, ஆறு தடவை உடைந்தோம். இதைத்தான் அம்மாவுக்குச் சொன்னேன்: அது புதுப்பிக்கும் வகை அம்மா, எண்ணைச் சின்னதாகவே காட்டும் வகை.

இந்த வகை எங்கள் வீட்டோடு மட்டும் நிற்கவில்லை. அவசரகாலநிலையும் அப்படித்தான். ஒரு பிரகடனம் ஒரு மாதத்துக்கு. மாதா மாதம் பாராளுமன்றம் கூடி நீடிக்கும். 2005 ஓகஸ்டில் கொண்டுவந்த அவசரகாலநிலை 2011 ஓகஸ்டில்தான் முடிந்தது. ஒவ்வொரு முறையும் பத்திரிகையில் வந்தது 'ஒரு மாதம்'. கூட்டினால் ஆறு வருடம்.

பயங்கரவாதத் தடைச் சட்டமே இன்னொரு பாடம். 1979 ஜூலையில் அது வந்தபோது மூன்று வருடத்துக்கு மட்டும் என்ற தற்காலிக ஏற்பாடாகத்தான் வந்தது. சட்டத்தின் பெயரிலேயே 'தற்காலிக ஏற்பாடுகள்' என்ற சொல் இருக்கிறது. 1982இல் ஒரு திருத்தம் அந்த மூன்று வருட எல்லையை எடுத்துவிட்டது. பெயரில் தற்காலிகம் அப்படியே இருக்க, மணிக்கூட்டை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

உச்சவரம்புக்குப் பிறகு

புதுப்பித்துக்கொண்டே போனால் ஒரு காயை நிரந்தரமாகக் கட்டிவைக்கலாம். அதனால் விளையாட்டைச் செய்பவர்கள் உச்சவரம்பு ஒன்று வைப்பார்கள். சட்டத்திலும் 18 மாதம் என்ற வரம்பு இருந்தது. 2022ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அதை 12 மாதமாகக் குறைத்தது.

ஆறாவது வட்டம் 2009 பெப்ரவரியில். இனி நீடிக்க முடியாது என்று ஒரு சட்டத்தரணி சொல்லியிருந்தார். அம்மா புதுச் சாரமும் சேர்ட்டும் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு இரவு பஸ்ஸில் போனார். நானும் கூடப் போனேன். அங்கே போனால் அண்ணாவை நீதிமன்றத்தில் நிறுத்தி விளக்கமறியலுக்கு அனுப்பியாயிற்று என்றார்கள். அந்தப் பையோடு திரும்பி வந்தோம்.

வரம்பு மீறப்படவில்லை. தடுப்பு உத்தரவு என்ற விளைவுக்குத்தான் வரம்பு. விளக்கமறியல் வேறு விளைவு, அதற்கு வேறு மணிக்கூடு. அதே சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி வழக்கு விசாரணை முடியும் வரை என்பதுதான் அந்த மணிக்கூட்டில் எழுதியிருப்பது. எண்ணே இல்லை. டோட்டாவில் ஒருவர் செய்தது முடியும் தறுவாயில் அடுத்தவர் தொடங்குவார் என்று சொன்னேனே, அது இதுதான். ஒரு வரம்பைப் பார்க்கும்போது அது எதற்கான வரம்பு, அது முடிந்ததும் எது தொடங்கலாம் என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். நாங்கள் பார்க்கவில்லை.

2013இல் நீதிமன்றம் அண்ணாவை விடுவித்தது. அந்த நாளுக்கு அம்மா வட்டமிட்டிருக்கவில்லை.

நிறுத்திவைப்பதும் நீக்குவதும்

வெஸ்னோத்தில் நஞ்சேறிய காய்க்கு இரண்டு விதமான உதவி உண்டு. சாதாரண வைத்தியர் பக்கத்தில் நின்றால் அந்தச் சுற்றில் நஞ்சு வேலை செய்யாது. ஆனால் நஞ்சு உடம்பில் அப்படியே இருக்கும். வைத்தியர் தள்ளிப்போனால் மறுபடி தொடங்கும். தேர்ந்த வைத்தியர் பக்கத்தில் நின்றால்தான் நஞ்சு இறங்கும். முதலாவது நிறுத்திவைப்பது, இரண்டாவது நீக்குவது. உயிர்ப்புள்ளியை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஏனென்றால் இரண்டிலும் அந்தச் சுற்றில் ஒன்றும் குறைவதில்லை.

பிணை நிறுத்திவைப்பது. விடுதலை நீக்குவது. பிணையில் வந்த பிள்ளை இருக்கும் வீடுகளில் இதை விளக்கத் தேவையில்லை.

காணிப் பிரச்சினையிலும் இதே கணக்கு வரும். நம் நாட்டின் ஆட்சியுரிமைச் சட்டப்படி ஒருவர் இன்னொருவரின் தனியார் காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் எதிராக ஆண்டால் உரிமை கோரலாம். சண்டையால் ஊரை விட்டு ஓடியவரின் காணியிலும் அந்தப் பத்து வருட மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. உரிமையாளர் வந்து தடுக்க வழியில்லை. இதற்காகத்தான் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க விசேட ஏற்பாடுகள் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தில் இப்படித் தடுக்கப்பட்டவருக்கு அந்தக் காலத்தைக் கணக்கெடுக்காமல் விட அது வழி செய்தது. ஓடிய மணிக்கூட்டைப் பின்னோக்கி நிறுத்திவைத்தது என்று சொல்லலாம். ஆனால் அந்தச் சலுகைக்கும் ஒரு மணிக்கூடு இருந்தது. நிறைவேறியபோது வழக்குப் போட இரண்டு வருட அவகாசம்தான் கொடுத்தது. சலுகை வந்ததைக் கேள்விப்பட்டவர்கள் பலர், கெடுவைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு.

எண் இல்லாதது

விளையாட்டுகளில் காலம் குறிக்காத விளைவுகளும் உண்டு. நீக்கும் வரை நிற்கும். வெஸ்னோத்தின் நஞ்சு அப்படிப்பட்டது. அதற்கு மூன்று சுற்று, நாலு சுற்று என்று எண் இல்லை. காயைக் கொல்லாது. ஒரே ஒரு உயிர்ப்புள்ளி மிச்சம் வரும் வரை குறைத்துவிட்டு அங்கே நிறுத்தும்.

1990 செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் அகதிகளாக இருந்தவர்களில் 158 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களின் வீடுகளில் எந்த நாளுக்கு வட்டமிடுவது? எங்களுக்கு ஆறு வட்டமாவது இருந்தது. இதற்கு மேல் இந்த ஒப்பீட்டைக் கொண்டுபோக எனக்கு மனமில்லை. விளையாட்டில் விதி இரண்டு பக்கத்துக்கும் ஒன்று, தோற்றால் பழைய இடத்திலிருந்து மறுபடி தொடங்கலாம். அதோடு ஒப்பீடு முடிகிறது.

கேட்க வேண்டியவை

மருமகனுக்குக் கடதாசியின் அடியில் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தேன். விளையாட்டுக்காக எழுதியவை. இப்போது அந்தக் கடதாசி அம்மாவின் சாமிப்படத்துக்குப் பின்னால் இருக்கிறது.

எண்ணிக்கை எந்த நாளில், யாருடைய சுற்றில் தொடங்கியது? திரும்ப விழுந்தால் கணக்கெடுக்காமல் விடுவார்களா, புதுப்பிப்பார்களா, நீட்டுவார்களா, தனியாக ஓட விடுவார்களா? எல்லாம் சேர்த்து உச்சவரம்பு எவ்வளவு? அந்த வரம்பு முடிந்ததும் வேறு எது தொடங்கலாம்? கிடைத்த உதவி நிறுத்திவைக்கிறதா, நீக்குகிறதா?

ஒரு கடதாசி வீட்டுக்கு வந்தால் இந்த ஐந்தையும் கேட்கலாம். ஒவ்வொரு உத்தரவின் பிரதியையும் திகதியோடு சேர்த்து வையுங்கள். புதியது வந்தால் பழையதை எறிய வேண்டாம், கூட்டிப் பார்க்க எல்லாம் வேண்டும். அதிகாரிகளின் பக்கத்திலும் சில மணிக்கூடுகள் ஓடுகின்றன. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழோ அவசரகால விதிகளின் கீழோ ஒருவரைக் கைது செய்தால் 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. மட்டக்களப்பிலும் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அறிவித்தார்களா என்று குடும்பம் போய்க் கேட்கலாம். 2007இல் இது எங்களுக்குத் தெரியாது.

அன்று மழை விட்டபோது இருட்டிவிட்டது. அண்ணா படுவான்கரையிலிருந்து வந்திருந்தார். மண்முனைப் பாலம் வந்த பிறகு ஓடத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை, நினைத்த நேரம் வருவார். கடதாசியை எடுத்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மருமகனுக்குப் பக்கத்தில் இருந்து திரையைப் பார்த்தார்.

"நஞ்சேறினவன என்ன செய்யப்போறாய்?" என்று கேட்டார்.

"ஊருக்க கொண்டுபோய் விட்டாச் சரி மாமா. ஊருக்குள்ள நிண்டா நஞ்சு இறங்கும்."

அது சரிதான். வெஸ்னோத்தில் வைத்தியர் இல்லாவிட்டால் காயை ஒரு ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். அடுத்த சுற்றுத் தொடங்கும்போது நஞ்சு இறங்கிவிடும்.

"அப்ப போன உயிர் திரும்பி வருமோ?"

"அந்தச் சுற்றில வராது. நஞ்சு மட்டும்தான் இறங்கும். அதுக்குப் பிறகும் ஊரிலயே நிண்டா, சுற்றுக்கு எட்டு எட்டாத் திரும்பும்."

அண்ணா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப அவன அங்கேயே நிக்க விடு. உடன அடிபட அனுப்பாத" என்றார்.